வலிக்காத புண்

(பெங்களூரில் தமிழ்த் தொழிலாளர்கள் வாழும் ஒரு குடியிருப்பின் படிப்பு மையத்தில், முன்பு கொத்தனாராக இருந்த ஒருவர் பேசிய பேச்சு)

 

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். தெருமுனையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கடை நடத்துகிறவன் நான்தான். முன்பு கொத்தனார் வேலை பார்த்தேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தேன். முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. உணர்ச்சியும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது. சுட்டாலும் தெரியாது.

இன்று உட்காருவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். "உட்காருவதற்கு ஒரு பேச்சா?" என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். சரியாக உட்காரத் தெரியாததால் ஐந்து மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். உயிர் போய்விடும் என்று வீட்டார் பயந்தார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன். கேளுங்கள்.

நடந்தது என்ன?

விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் சக்கர நாற்காலி கொடுத்தார். எனக்குப் பெரிய சந்தோஷம். அது என் உடம்புக்குப் பெரியதா, சிறியதா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அந்த மாதம் என் அக்கா மகள் கல்யாணம். புதுக் கால்சட்டை போட்டேன். பின்பக்கப் பையில் பீடிக்கட்டு, தீப்பெட்டி. காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் நாலு மணிவரை அசையவே இல்லை. வந்தவர்களிடம் பேசினேன், சிரித்தேன், சாப்பிட்டேன். ஒன்பது மணி நேரம்!

இரவு துணி மாற்றும்போது என் மனைவி பார்த்தாள். பிட்டத்தில் ஒரு கருஞ்சிவப்பு அடையாளம். ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும்.

"என்னங்க இது?" என்று கேட்டாள்.

"வலிக்கலையே, விடு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. வலிக்கவில்லை, அதனால் பயம் இல்லை என்று நினைத்தேன். உணர்ச்சி இல்லாத இடத்தில் எப்படி வலிக்கும்? வலி என்பது காவல்காரன் மாதிரி. ஆபத்து வந்தால் கூப்பிடுவான். எனக்குக் காவல்காரன் இல்லை. அதை நான் மறந்துவிட்டேன்.

மனைவி பவுடர் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பிரிட் தடவச் சொன்னார். மறுநாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தாவது நாள் தோல் கறுத்துப் பிய்ந்தது. உள்ளே குழி. அந்தக் குழியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். நாற்றம் அடித்தது. குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது புண் எலும்புவரை போயிருந்தது.

ஐந்து மாதம் குப்புறப் படுத்தேன். மனைவி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் என் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. அவளுக்கு ஒரு வருடப் படிப்பு போனது. என் புண் ஆறிவிட்டது. அவளுடைய அந்த வருடம் திரும்ப வரவில்லை.

குப்புறப் படுத்திருந்தபோது அவள் தன் புத்தகத்தை என் முகத்துக்குக் கீழே வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். நான் 'அ' படித்தது அப்படித்தான்.

இந்தப் புண் எப்படி வருகிறது?

இதற்குப் பெயர் படுக்கைப்புண். படுத்தால்தான் வரும் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்தாலும் வரும். அழுத்தத்தால் வருவதால் இதை அழுத்தப்புண் என்றும் சொல்கிறார்கள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். அதன்மேல் ஒருவர் காலை வைத்து மிதித்தால் தண்ணீர் வராது. கொஞ்ச நேரத்தில் காலை எடுத்தால் செடி பிழைக்கும். நாள் முழுவதும் மிதித்துக் கொண்டே இருந்தால் செடி வாடிவிடும்.

நம் தோலும் அப்படித்தான். நாம் உட்காரும்போது உள்ளே எலும்பு அமுக்குகிறது. வெளியே நாற்காலி அமுக்குகிறது. நடுவில் சதையும் ரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. ரத்தம் ஓடாத இடத்தில் சதை சாகிறது. இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தாலே போதும், கெடுதல் தொடங்கிவிடலாம். பலவீனமான உடம்பில் அதைவிடச் சீக்கிரமாகவும் தொடங்கும்.

இன்னொரு விஷயம். எலும்பை ஒட்டிய சதைதான் பல நேரம் முதலில் கெடுகிறது. மேலே சிறிய அடையாளம் தெரியும்போதே உள்ளே பெரிய குழி இருக்கலாம்.

நல்ல உடம்புக்காரர்களுக்கு ஏன் வருவதில்லை? நீங்கள் இந்தப் பேச்சைக் கேட்கும்போதே எத்தனை முறை அசைந்தீர்கள்! வலப்பக்கம் சாய்ந்தீர்கள், காலை மாற்றினீர்கள். தூக்கத்திலும் புரண்டு படுக்கிறீர்கள். உங்கள் உடம்பு தானாகச் செய்வதை நான் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

யாருக்கு வரும்?

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு வரும். பக்கவாதம் வந்தவர்களுக்கு வரும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டிகளுக்கு வரும். நீண்ட நாள் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு வரும். சர்க்கரை வியாதி இருந்தால் ஆபத்து அதிகம். உடம்பு மெலிந்திருந்தாலும் அதிகம். எனவே இது என் ஒருவன் கதை அல்ல. உங்கள் வீட்டிலும் நாளை தேவைப்படும்.

தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு பேர்

முன்காலத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்க் கோளாறும் அவர்களைக் கொன்றுவிடும். லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இதை மாற்றினார். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் என்ற ஊரில், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்காக ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். இது பெரிய மருந்து அல்ல. ஆனால் சாக வேண்டியவர்கள் பிழைத்தார்கள், வேலைக்கும் போனார்கள்.

நம் நாட்டில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற அம்மா இருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தார். 1954-ல் வண்டி விபத்தில் அவருக்கு முதுகுத்தண்டு அடிபட்டது. அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய்ப் படித்து வந்தார். நம்மைப் போன்றவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தை நம் நாட்டில் வளர்த்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

நாற்காலியில் உட்கார்ந்தவன் வீணாய்ப் போனவன் என்று யாராவது சொன்னால், இந்த அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள்.

சரியாக உட்காருவது எப்படி?

இப்போது என்னைப் பாருங்கள். நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன்?

இடுப்பு நாற்காலியின் பின்பக்கம்வரை போயிருக்கிறது. முன்னால் சறுக்கி உட்கார்ந்தால் பாரம் முழுவதும் வால் எலும்பில் விழும். அங்கே சதை குறைவு. சறுக்கும்போது தோல் ஒரு பக்கம் இழுபடும், எலும்பு ஒரு பக்கம் போகும். உள்ளே ரத்தக் குழாய் முறுக்கிக் கொள்ளும்.

இரண்டு பக்க இடுப்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார்ந்தால் அந்தப் பக்க எலும்பு மட்டும் பாரம் சுமக்கும். நான் கொத்தனார். மட்டம் பார்ப்பது என் தொழில். சுவர் மட்டம் தவறினால் வீடு சாயும். இடுப்பு மட்டம் தவறினால் முதுகு கோணும், புண்ணும் வரும்.

பாதம் இரண்டும் மிதிபலகையில் முழுதாகப் பதிந்திருக்கின்றன. பலகை மிக உயரமாக இருந்தால் தொடை மேலே தூக்கிக் கொள்ளும். பாரம் எல்லாம் பிட்டத்துக்குப் போகும். மிகத் தாழ்வாக இருந்தால் கால் தொங்கும், உடம்பு முன்னால் சறுக்கும். தொடை முழுவதும் மெத்தையில் படிந்திருக்க வேண்டும். தொடையும் சேர்ந்து பாரம் சுமக்கட்டும்.

நாற்காலியின் அளவையும் பாருங்கள். இடுப்புக்கும் நாற்காலிப் பக்கத்துக்கும் நடுவே, இரு புறமும் ஒரு விரல் இரண்டு விரல் இடம் போதும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். இதை அளக்கக் கருவி வேண்டாம். கை விரல் போதும்.

சாதாரண நாற்காலியின் துணி நாள் ஆக ஆகத் தொய்ந்து தூளி மாதிரி ஆகிவிடும். அதில் உட்கார்ந்தால் இடுப்பு கோணும். என் நாற்காலியில் துணிமேல் ஒரு ப்ளைவுட் பலகை போட்டேன். அதன்மேல் மெத்தை வைத்தேன். பலகை மட்டும் வைத்து உட்காரவே கூடாது.

மெத்தை எப்படி இருக்க வேண்டும்?

ஏறக்குறைய 4 அங்குல கனமுள்ள, நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தை வேண்டும். காற்று நிரப்பிய மெத்தையும் உண்டு, ஜெல் மெத்தையும் உண்டு. எது நமக்கு ஏற்றது என்று மருத்துவரிடமோ பிசியோதெரபி செய்பவரிடமோ கேளுங்கள்.

மெத்தை நல்லதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் மெத்தைமேல் உட்காருங்கள். இன்னொருவர் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே கையை விடட்டும். உள்ளங்கை மேலே பார்த்திருக்க வேண்டும். விரலைத் தூக்கிப் பார்த்தால், உங்கள் பிட்ட எலும்பு விரலில் உடனே தட்டுப்படுகிறதா? அப்படியானால் மெத்தை செத்துவிட்டது. மாற்றுங்கள்.

நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை வேண்டாம். பலர் அன்போடு வாங்கிக் கொடுப்பார்கள். அந்த வளையம் சுற்றிலும் அமுக்கி நடுவில் ரத்தம் போகாமல் செய்துவிடும்.

உறை பருத்தித் துணியில் இருக்கட்டும். பிளாஸ்டிக் தாளை நேராகத் தோலில் படும்படி போடாதீர்கள். வியர்த்து ஊறும். கால்சட்டையின் பின்பக்கப் பை, தடித்த தையல், பொத்தான் எதுவும் வேண்டாம். சில்லறைக் காசு, சாவி, சீப்பு, தீப்பெட்டி எதுவும் அடியில் இருக்கக் கூடாது. என்னைக் கெடுத்ததில் அந்தத் தீப்பெட்டிக்கும் பங்கு உண்டு.

கால் மணிக்கு ஒரு முறை

எவ்வளவு நல்ல மெத்தையாக இருந்தாலும் அசையாமல் உட்காரக் கூடாது. 15 நிமிடம் முதல் 30 நிமிடத்துக்குள் ஒரு முறை பாரத்தை எடுக்க வேண்டும்.

முதலில் சக்கரத்துக்குப் பிரேக் போடுங்கள். முன்னால் குனிந்து மார்பைத் தொடைமேல் சாயுங்கள். அப்படியே 2 நிமிடம் இருங்கள். குனிய முடியாவிட்டால் வலப்பக்கம் நன்றாகச் சாயுங்கள், பிறகு இடப்பக்கம் சாயுங்கள். விழாமல் இருக்க மேசையையோ கட்டிலையோ பிடித்துக் கொள்ளுங்கள். கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதும் ஒரு வழி. ஆனால் சில வினாடி தூக்கினால் போதாது. ரத்தம் திரும்ப ஓட ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். அவ்வளவு நேரம் கை தாங்காது, தோளும் தேயும். அதனால் சாய்வதே நல்லது.

நேரம் எப்படி நினைவிருக்கும்? என் கைபேசியில் மணி வைத்திருக்கிறேன். கடையில் ஆள் இருந்தாலும் மணி அடித்தால் குனிவேன். "என்னண்ணே, கும்பிடு போடுறீங்க?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

படுக்கையில்

இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது இடுப்பு எலும்பின்மேல் நேராகப் படுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சற்றே மல்லாந்து சாயுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்து படுத்தால் கெண்டைக்காலின் கீழே தலையணை வையுங்கள். குதிகால் படுக்கையைத் தொடாமல் நிற்கட்டும்.

நோயாளியை இழுக்காதீர்கள், தூக்குங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் விரிப்பைப் பிடித்துத் தூக்கி மாற்றுங்கள். தரையில் உட்கார்ந்து நகர்கிறவர்களும் உடம்பை இழுக்காமல், கையை ஊன்றித் தூக்கி வைத்து நகர வேண்டும்.

தினமும் இரண்டு முறை பாருங்கள்

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை தோலைப் பாருங்கள். பிட்டம், வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், கணுக்கால், குதிகால், முழங்கை, தோள்பட்டை, தலையின் பின்பக்கம். எட்டாத இடத்துக்குக் கைக்கண்ணாடி வைத்துக் கொள்ளலாம்.

என்ன பார்க்க வேண்டும்? சிவப்பான இடத்தை விரலால் அமுக்கிவிட்டு எடுங்கள். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. அமுக்கியும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம்மில் பலர் கறுப்புத் தோல்காரர்கள். நமக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, ஊதாவாக இருக்கிறதா என்று பாருங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சூடாகவோ, குளிர்ந்தோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுவும் அடையாளம்தான்.

அடையாளம் தெரிந்தால் நிறம் சரியாகும்வரை அந்த இடத்தில் பாரம் வைக்காதீர்கள். தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு அழுத்தி நீவாதீர்கள். உள்ளே நசுங்கிய சதை மேலும் பிய்யும். இந்த நிலையிலேயே விழித்துக் கொண்டால் சில நாளில் சரியாகிவிடும். நான் அன்று இரவு விழித்துக் கொண்டிருந்தால் என் மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள்.

ஈரம், சூடு, சாப்பாடு

ஈரத்தில் தோல் ஊறி மெலியும். சிறுநீரோ மலமோ பட்டால் உடனே தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். உணர்ச்சியில்லாத மடியில் சூடான டீ, சோற்றுப் பாத்திரம் எதையும் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியின் சைலன்சரில் கால் பட்டது தெரியாமலே வீடுவரை போனார்.

தோலுக்கும் சதைக்கும் நல்ல சாப்பாடு வேண்டும். பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, முட்டை, மீன், பால் சாப்பிடுங்கள். கீரை, நெல்லிக்காய், எலுமிச்சை சேருங்கள். தண்ணீர் குடிக்கப் பயப்படாதீர்கள். பீடி ரத்தக் குழாயைச் சுருக்கும். நான் விட்டுவிட்டேன்.

புண் வந்துவிட்டால்

தோல் பிய்ந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, கறுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீழ், நாற்றம், காய்ச்சல், குளிர் இருந்தால் அன்றே போங்கள். விஷம் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கு ஆபத்து. சாம்பல், சாணம், பவுடர், ஸ்பிரிட், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள். போகும்வரை, கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவிச் சுத்தமான துணியால் மூடுங்கள். அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கலாம்.

ஆறிய புண்ணும் பழைய தோல் ஆகாது. ஒட்டுப் போட்ட துணி மாதிரிதான். மறுபடி உட்காரத் தொடங்கியபோது எனக்கு முதலில் 15 நிமிடம்தான் சொன்னார்கள். தோலைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டினோம்.

கேட்டு வாங்குங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் தர 1981 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது. சக்கர நாற்காலிக்கு மனு எழுதும்போது இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். "என் உடம்பை அளந்து நாற்காலி கொடுங்கள். அதற்கேற்ற மெத்தையும் கொடுங்கள்." இப்போது நமக்கு எழுதத் தெரியும். பிறர் கையை எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் தெருவில் படுத்திருக்கும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். பக்கவாதத்தில் கிடக்கும் தாத்தாவை நினைத்துப் பாருங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு, "பக்கம் மாத்திப் படுத்தீங்களா?" என்றும் கேளுங்கள்.

என் கைபேசி மணி அடிக்கிறது. நான் குனிய வேண்டிய நேரம். 2 நிமிடம் பொறுங்கள். பிறகு உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.

நினைவில் வைப்போம்

வலி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நினைக்காதே.
உட்கார்ந்தால் கால் மணிக்கு, அரை மணிக்கு ஒரு முறை சாய்.
படுத்தால் இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாறு.
காலையும் இரவும் தோலைப் பார்.
இழுக்காதே, தூக்கு. தேய்க்காதே, ஒற்று.

பேசிப் பாருங்கள்

1. கல்யாண வீட்டில் அவர் என்னென்ன தவறு செய்தார்?
2. வளைய மெத்தை ஏன் வேண்டாம்?
3. உங்கள் பகுதியில் எழுந்து நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பார்த்துக் கொள்கிறவர்கள் யார்? அவர்களுக்கு நீங்கள் எப்படி உதவலாம்?